சோசஸ்வ்லே மணல் ஜீப் சேவை: காசுக்குத் தகுந்ததா?

நமீபியாவின் நமீப் பாலைவனத்தில் மணல்மேடுகள் சூழ்ந்த களிமண் படுகை சோசஸ்வ்லே. அங்கே போக, செஸ்ரியம் என்ற பூங்கா வாசலிலிருந்து சுமார் 60 கி.மீ. தார்ச்சாலை; சாதாரணக் காரே போதும். வம்பு கடைசி 5 கி.மீ. மணலில்தான். டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்காமல் நுழைந்தால், சக்கரம் சுற்றச் சுற்ற மணலைப் பறித்துக்கொண்டு அச்சு வரை புதையும். மணலில் ஓட்டிப் பழகாதவர்கள் தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து அந்த மணலைக் கடத்திவிடும் ஜீப்பில் தயங்காமல் ஏறலாம். கொடுக்கும் காசு வீணில்லை. கடைசி ஜீப் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள்.

இறங்கியபின் பக்கத்திலுள்ள டெட்வ்லே என்ற வறண்ட படுகைக்கு சுமார் 1 கி.மீ. மணல் நடை. ஓடு ஓடாக வெடித்த வெள்ளைக் களிமண் தரையில் கரிய மரங்கள்; பட்டுப்போய்ப் பல நூறு ஆண்டுகளாகியும் வறட்சியால் மக்கவில்லை. தொடாதீர்கள். ஜூலை அங்கே குளிர்காலம்; விடியலில் ஸ்வெட்டர் கட்டாயம். கோடை நண்பகலில் மணல் காலைச் சுடும், மூடிய ஷூதான் சரி. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், அங்கே கிடைக்காது.