அலுவலக உரையாடலுக்குச் சிக்னல்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். ஆடைகளை வாங்கும் நிறுவனமான பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று, முதல் சாம்பிளிலிருந்து சரக்கு கப்பலேறும் வரை ஒவ்வொன்றையும் விரட்டிப் பிடிப்பதே இந்த வேலை என்பதால், நாள் முழுவதும் கைபேசி கையை விட்டு இறங்காது. சாயப்பட்டறையிலிருந்து வரும் லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயமேற்றிய துணி மாதிரி) படம், தையல் யூனிட்டிலிருந்து வரும் அன்றாட உற்பத்திக் கணக்கு, லாரி எண், சம்பள முன்பணக் கோரிக்கை என்று எல்லாமே பல ஆண்டுகளாக வாட்ஸ்அப் குழுக்களில்தான் ஓடின. எட்டு மாதங்களுக்கு முன், அலுவலக ஊழியர்கள் 22 பேரின் உள் உரையாடலை மட்டும் சிக்னல் என்ற செய்திப் பரிமாற்றச் செயலிக்கு மாற்றினோம். அந்த அனுபவத்தை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

மாறியதற்கு இரண்டு சம்பவங்கள் காரணம். கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவரின் எண்ணை, வெளியாட்களும் சேர்ந்திருந்த ஒரு பழைய குழுவிலிருந்து எடுத்துக்கொண்ட சப்ளையர் தரப்பு ஆள் ஒருவர், பில் விவரம் கேட்பதாகச் சொல்லி இரவு 10 மணிக்கு மேல் அழைக்கத் தொடங்கினார். வெளியாட்களையும் ஊழியர்களையும் ஒரே குழுவில் அடைத்து வைத்தது எங்கள் தவறு. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர் அவர். இரண்டாவது, என் பக்கத்து மேசைக்காரருக்கு நேர்ந்தது. “நேத்து ராத்திரி பதினொன்னே காலுக்கு ஆன்லைன்ல இருந்தீங்க, என் மெசேஜுக்கு மட்டும் ஏன் பதில் போடலை?” என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அந்த நேரத்தில் அவர் தன் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துக் கோவையில் இருக்கும் தம்பிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதை அங்கே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சிக்னலில் எனக்கு மிகவும் பிடித்தது, அதில் ‘லாஸ்ட் சீன்’ என்ற ஒன்றே கிடையாது என்பதுதான். ஒருவர் இப்போது செயலியைத் திறந்து வைத்திருக்கிறாரா, கடைசியாக எப்போது திறந்தார் என்பதை வேறு யாரும் பார்க்க வழியில்லை. வாட்ஸ்அப்பிலும் இதை மறைத்து வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மறைக்கலாம், ஆனால் மற்ற எல்லோருக்கும் தெரிகிற ஒன்றை ஒருவர் மட்டும் மறைத்தால், அலுவலகத்தில் அந்த மறைப்பே ஒரு பேச்சாகிவிடுகிறது. எல்லோருக்கும் இல்லாத ஒன்றை யாரும் மறைக்க வேண்டியதில்லை. படித்துவிட்டதைக் காட்டும் குறியும், தட்டச்சு செய்துகொண்டிருப்பதைக் காட்டும் புள்ளிகளும் சிக்னலிலும் உண்டு என்றாலும் அவற்றை அணைத்துவிட முடியும். முதல் நாளே எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து அணைத்தோம்.

அடுத்தது எண் பற்றியது. கணக்கு தொடங்கச் சிக்னலுக்கும் தொலைபேசி எண் வேண்டும். இது அதன் குறைதான், இன்றுவரை நீங்கவில்லை. ஆனால் 2024 பிப்ரவரியில், எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கும் பெயரான யூசர்நேம் வசதி வந்ததிலிருந்து, நம் எண்ணைத் தன் கைபேசியில் ஏற்கெனவே சேமித்து வைத்திராத எவருக்கும் அது இயல்பாகவே தெரிவதில்லை. எண்ணைக் கொண்டு நம்மைத் தேடுவதையும் தனியாக ஓர் அமைப்பில் தடுத்துவிடலாம். கணக்குப் பிரிவு அக்கா இப்போது சப்ளையர்களுக்கு எண் கொடுப்பதில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் தன் யூசர்நேமுக்கான கியூஆர் குறியை அச்சடித்து வைத்திருக்கிறார். வருபவர்கள் அதை ஸ்கேன் செய்துகொள்கிறார்கள். யூசர்நேமை மாற்றிவிட்டால் பழைய குறி செல்லாது என்பதால், தொந்தரவு வந்தால் எண்ணையே மாற்ற வேண்டிய நிலை அவருக்கு இனி இல்லை.

மறையாக்கம் என்று பார்த்தால் இரண்டு செயலிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் எவரும் படிக்க முடியாதபடி செய்திகளைப் பூட்டும் முறையைச் சிக்னலை உருவாக்கியவர்கள்தான் வடிவமைத்தார்கள். 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் எல்லாப் பயனர்களுக்கும் கொண்டுவந்ததும் அதே முறைதான். வேறுபாடு இருப்பது செய்திக்கு வெளியே: யார் யாருடன் பேசினார், எப்போது, எத்தனை முறை, எந்தக் குழுவில் என்ற விவரங்களில். செய்தியைப் படிக்காமலே இந்த விவரங்களை வைத்து ஒரு மனிதனின் வாழ்க்கையைப் பெருமளவு வரைந்துவிட முடியும். புற்றுநோய் மருத்துவர் ஒருவரை வாரம் இருமுறை அழைப்பவர் என்ன பேசினார் என்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த விவரங்களைச் சிக்னல் சேர்த்து வைப்பதில்லை என்பது வெறும் விளம்பர வாசகம் அல்ல. 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த ஒரு விசாரணையில், பயனர் விவரங்களைத் தரும்படி அதன் நிறுவனத்துக்கு ஆணை வந்தது. கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது சர்வருடன் இணைந்தது என்ற இரண்டு விவரங்களைத் தவிர அவர்களால் எதையும் கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் அவர்களிடமே வேறு எதுவும் இல்லை. ஒரு சேவையைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்புவது, அது எதைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுக்கிறது என்பதைவிட, எதைத் தொடக்கத்திலிருந்தே வாங்கி வைக்கவில்லை என்பதைத்தான்.

வேலை செய்யும் இடத்தில் இந்தச் செயலியின் காப்பு எங்கே முடிகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கைபேசியில் இருக்கும் கணக்கை அலுவலகக் கணினியோடு இணைத்துக்கொள்ளும் வசதி மிகவும் உதவியானது. நீண்ட அளவுப் பட்டியல்களை விசைப்பலகையில் அடிப்பதும் கைபேசியில் அடிப்பதும் ஒன்றல்ல. ஆனால் அந்தக் கணினி அலுவலகத்துக்குச் சொந்தமானது. அதில் திரையைக் கண்காணிக்கும் மென்பொருள் இருந்தால், எவ்வளவு வலிமையான மறையாக்கமும் பயன்படாது, ஏனென்றால் திரையில் தெரிகிற செய்தி பூட்டுத் திறந்த செய்தி. மைக்ரோசாஃப்ட் சில விண்டோஸ் கணினிகளில் ‘ரீகால்’ என்ற பெயரில், சில நொடிகளுக்கு ஒருமுறை திரையைப் படமெடுத்து வைக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது, 2025 மே மாதத்தில் சிக்னல் தன் விண்டோஸ் 11 பதிப்பில் அத்தகைய படமெடுப்பை இயல்பாகவே தடுத்தது. அந்த அக்கறை பாராட்டத்தக்கது. ஆயினும் சொந்த விஷயம் எதையும் அலுவலகக் கணினியில் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு. நான் குடும்பத்தாரோடு பேசுவது கைபேசியில் மட்டுமே.

தவறான ஆளைக் குழுவில் சேர்த்துவிட்டாலும் செயலி காப்பாற்றாது. 2025 மார்ச்சில், ஏமன் மீதான தாக்குதல் பற்றி அமெரிக்க அரசின் உயர்மட்டத்தினர் பேசிக்கொண்டிருந்த சிக்னல் குழுவில், ‘தி அட்லாண்டிக்’ இதழின் ஆசிரியர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்ததை உலகமே படித்தது. எங்கள் குழுவில் நிர்வாகி இருவர் மட்டுமே ஆள் சேர்க்கலாம் என்று அமைத்திருக்கிறோம், வேலையை விட்டுப் போகிறவரை அன்றே நீக்குகிறோம்.

செய்திகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தாமாகவே மறையும்படி வைக்கும் வசதியில்தான் நாங்கள் அதிகம் விவாதித்தோம். அதிகபட்சம் நான்கு வாரம் வரை நேரம் குறிக்கலாம். விடுப்புக் கோரிக்கை, உடல்நிலை, முன்பணம் போன்றவை காலமெல்லாம் 22 கைபேசிகளில் கிடக்க வேண்டியதில்லை என்பதால் ஊழியர் குழுவில் ஒரு வாரம் என்று வைத்தோம். ஆனால் எங்கள் தொழிலில் பதிவு என்பது பணம். நிறம் சரி என்று யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால், நான்காயிரம் உருப்படி திரும்பி வரும்போது பழி மெர்ச்சண்டைசர் தலையில் விழும். எனவே ஒப்புதல் எதுவாயினும் மின்னஞ்சலில் வந்தால்தான் செல்லும் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். இந்த ஒழுங்கு இல்லாத அலுவலகம் மறையும் செய்திகளை இயக்குவது ஆபத்து. நிர்வாகம் தன் வாய்மொழி உத்தரவுகளின் தடத்தை அழிக்கவும் அதே வசதி பயன்படும் என்பதை ஊழியர்கள் மறக்கக் கூடாது.

கைபேசி தொலைந்தால் உரையாடலும் போய்விடும் என்பது சிக்னலின் மீது நெடுநாள் இருந்த புகார். 2025 செப்டம்பரில் அறிமுகமான பாதுகாப்பான பேக்கப் வசதி இதைப் பெருமளவு தீர்க்கிறது. ஆனால் 64 எழுத்துகள் கொண்ட மீட்புச் சாவியை நாமே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அது தொலைந்தால் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. கேலரி பற்றி ஒரு சொல்: நாமே சேமித்தால் ஒழிய, வரும் படங்கள் கைபேசியின் கேலரிக்குப் போவதில்லை. அடுத்த பருவத்துக்கான டிசைன் படங்களும் மகளின் பள்ளி ஆண்டுவிழாப் படங்களும் ஒரே வரிசையில் கிடந்த காலம் எனக்கு இதனால் முடிந்தது.

எங்கள் முதலாளிக்கு இரவில்தான் யோசனை ஓடும். அந்த யோசனைகள் பெரும்பாலும் நல்லவை. ஆண்ட்ராய்டு கைபேசியில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால், செய்தி போய்ச் சேர வேண்டிய நேரத்தைக் குறிக்கலாம். இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்த பிறகு, அவர் இரவில் எழுதியவை காலை ஒன்பதரைக்கு வரிசையாக வந்து விழுகின்றன. இந்த ஒரு வசதிக்காகவே இதை மற்ற அலுவலகங்களுக்குப் பரிந்துரைப்பேன்.

செயலிக்குக் கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. 2018-இல் தொடங்கப்பட்ட லாப நோக்கமற்ற அறக்கட்டளை ஒன்று, நன்கொடைகளைக் கொண்டு இதை நடத்துகிறது. வாட்ஸ்அப்பை நிறுவிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன் அதற்கு 5 கோடி டாலர் கொடுத்துத் தொடங்கி வைத்தார். பதிவு செய்யும்போது வரும் சரிபார்ப்பு எஸ்எம்எஸ் முதலியவற்றுக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 லட்சம் டாலர் ஆவதாக 2023-இல் அவர்களே கணக்கு வெளியிட்டார்கள். பயன்படுத்தும் அலுவலகங்கள் ஏதேனும் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் அதற்கான பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

பையர்களும், கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள், அவர்களை இழுத்து வர எங்களால் முடியவில்லை. ஆகவே என் கைபேசியில் இரண்டும் இருக்கின்றன. மாலை ஏழு மணிக்கு அலுவலகக் குழுவை மியூட் செய்துவிட்டு வண்டியை எடுக்கிறேன், காலையில்தான் திறக்கிறேன்.