தொண்டிக் கடலுக்குக் காரைக்குடி ‘காம்போ’ தூண்டில் செட்: எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது

7 அடி இரண்டு துண்டு ஃபைபர் ராடு, 4000 அளவு ரீல், 40 பவுண்டு பிரெய்டு (பின்னிய நரம்பு), முள்ளுக்கு முன்னால் கட்டும் ஸ்டீல் வயர் லீடர், ஸ்டெயின்லெஸ் தூண்டில் முள் ஒரு பாக்கெட், ஈயக் குண்டுகள். காரைக்குடிக் கடைகளில் ‘கடல் காம்போ’ என்று ஒரே பெட்டியில் கிடைப்பது இது. தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போய் வள்ளம் ஏறுகிறவர்கள் முதலில் வாங்குவதும் பெரும்பாலும் இதைத்தான். ராடும் ரீலும் கொடுக்கிற காசுக்குத் தகும். நரம்பிலிருந்து முள் வரை உள்ளதை மட்டும் அப்படியே கட்டிக் கடலில் இறக்கக் கூடாது. அங்கே ஓங்கில், அதாவது டால்பின், உண்டு.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓங்கில் கரைக்குப் பக்கத்திலேயே வரும். தூண்டிலில் மாட்டித் துடிக்கிற பாறை மீனும் விளமீனும் அதற்கு எளிதான இரை. அது மீனைக் கவ்வி இழுக்கும்போது நம் நரம்பு எந்த இடத்தில் அறுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 40 பவுண்டு என்றால் ஏறக்குறைய 18 கிலோ தாங்கும். ஸ்டீல் வயரும் எளிதில் விடாது. அப்போது அறுவது ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) பக்க முடிச்சு, இல்லையென்றால் ராடு வளையத்தில் உரசித் தேய்ந்த ஏதாவது ஓர் இடம். பல மீட்டர் பிரெய்டு ஓங்கிலோடு போய்விடும். மெலிந்த பிரெய்டு வாலிலும் பக்கத் துடுப்பிலும் சுற்றிக்கொண்டு தோலை அறுக்கும். மக்கவும் செய்யாது.

அதனால் லீடர்தான் செட்டிலேயே பலவீனமான இடமாக இருக்க வேண்டும். ஸ்டீல் வயரைக் கழற்றிவிட்டு 20 பவுண்டு நைலான் நரம்பு ஒரு மீட்டர் கட்டுங்கள். இது 9 கிலோவில் அறும், அதுவும் முள்ளுக்குப் பக்கத்திலேயே. பிரெய்டோடு சேர்க்க டபுள் யூனி முடிச்சு போதும். எச்சில் தடவி மெதுவாக இறுக்காவிட்டால் நைலான் சூடேறி முடிச்சிலேயே பலம் போய்விடும். ஊளி மீனுக்குப் போகிறவர்களுக்கு அதன் பல்லுக்காக வயர் தேவைதான். அப்போதும் ஒரு சாண் வயர், அதற்கு மேலே இதே நைலான்.

மீன் இழுக்கும்போது ரீல் எவ்வளவு இறுக்கத்தில் நரம்பை விடும் என்பதை வைப்பது டிராக். அதைக் கையால் திருகி ‘சரி’ என்று விடாதீர்கள். லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசை நரம்பில் மாட்டி இழுங்கள். இரண்டரை கிலோவில் ஸ்பூல் சுழல வேண்டும். இந்த ரீலில் டிராக் வழவழப்பாக நரம்பு விடுகிறது, அது பாராட்டத்தக்கது.

பெட்டியில் வருகிற முள்ளைக் கடலுக்கே எடுத்துப் போக வேண்டாம். ஸ்டெயின்லெஸ் எளிதில் துருப்பிடிக்காது. அறுந்து போனால் வாயிலேயே நீண்ட காலம் கிடக்கும். கார்பன் ஸ்டீல் சர்க்கிள் முள் (நுனி உள்நோக்கி வளைந்தது) 2/0 அளவில் வாங்கி, நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள். இதில் பலரும் தவறுவது ஒன்று: கடித்ததும் வெடுக்கென்று இழுப்பது. இழுத்தால் சர்க்கிள் முள் வாயை விட்டு வெளியே வந்துவிடும். நிதானமாக ரீலைச் சுற்றினாலே தாடை ஓரத்தில் தைத்துக்கொள்ளும். எதிர்முள் இல்லாததால் நரம்பு தளர்ந்தால் மீன் போய்விடும், அவ்வளவுதான்.

ஓங்கில் முதுகு தெரிந்ததும் எல்லா நரம்பையும் மேலே எடுங்கள். மிச்ச இறாலையும் கணவாயையும் தண்ணீரில் வீசாதீர்கள். ஒருமுறை தின்று பழகினால் வள்ளத்தையே தேடி வரும். எஞ்சினை நியூட்ரலில் போட்டு அது கடந்து போக விடுங்கள், பின்னால் துரத்த வேண்டாம். அந்த நேரம் மீனும் கடிக்காது, ஆகையால் நமக்கு நஷ்டமில்லை.

சீல் என்கிற கடல்நாய், தூண்டில் மீனைப் பறிக்கிற வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தொண்டியிலும் சீல் இருக்கிறதா என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தக் கடலில் சீல் வாழ்வதில்லை. துடுப்பு தெரியாமல் உருண்டைத் தலை மட்டும் எழுந்தால் அது ஆவுளியாவாக (கடற்பசு) இருக்கலாம், முதுகுத் துடுப்பில்லாத சின்ன ஓங்கில் வகையாகவும் இருக்கலாம். ஆவுளியா கடற்புல் மேய்வது. புல் படுகையில் ஈயத்தை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், நங்கூரமும் போடாதீர்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையையொட்டி 448 சதுர கிலோமீட்டர் கடல் 2022 செப்டம்பரில் ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஓங்கிலும் ஆவுளியாவும் 1972 வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை.

ராடில் பார்க்க வேண்டியது வளையங்கள். கடையிலேயே ஒவ்வொன்றுக்குள்ளும் பஞ்சை விட்டு இழுங்கள். பஞ்சு பிய்ந்தால் அந்த வளையம் பிரெய்டை அறுக்கும், வேறு ராடு கேளுங்கள். திரும்பி வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்து ரீலைக் கழுவுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். ராடையும் ரீலையும் மட்டும் தனியாகத் தர கடைக்காரர் சம்மதித்தால் வாங்கலாம். மிச்சக் காசில் நைலானும் சர்க்கிள் முள்ளும் வந்துவிடும்.