மின்சாரத் தாழ்தளப் பேருந்து: அன்றாடப் பயணியின் மதிப்பீடு

டீசல் பேருந்துகளுக்குப் பதிலாக நகரங்களில் ஓடத் தொடங்கியிருக்கும் 12 மீட்டர் நீள மின்சாரத் தாழ்தளப் பேருந்தில் அன்றாடம் பயணம் செய்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வண்டியைப் பற்றி எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. அதை இயக்கும் விதத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏறி அமர்ந்ததும் முதலில் புலப்படுவது, சிக்னலில் நிற்கும்போது சன்னல் கண்ணாடிகள் கடகடவென்று அதிராததுதான். டீசல் வண்டி நின்ற இடத்திலும் எரிபொருளைக் குடித்துக்கொண்டிருக்கும்; மின்மோட்டாரோ சக்கரம் சுழலாதபோது தானும் சுழலாது. நிறுத்தங்களிலும் நெரிசலிலும் பொழுதைக் கழிக்கும் நகரப் பேருந்துக்கு இதுவே பெரிய சேமிப்பு. தவிர, டீசலின் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகவே வீணாகிவிட, மோட்டார் தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை இயக்கமாக மாற்றிவிடுகிறது.

நிறுத்தம் நெருங்கி, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்து வேகம் குறையும். அப்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. அடிக்கடி நின்று கிளம்பும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. பிரேக் தேய்மானமும் அதன் தூசியும்கூடக் குறைகின்றன. டயர் தூசி மட்டும் குறைவதில்லை. பேட்டரியின் கனத்தால் சற்றுக் கூடவும் வாய்ப்புண்டு என்பதை இந்த வண்டிகளைப் புகழ்வோர் பெரும்பாலும் சொல்வதில்லை. சில ஓட்டுநர்கள் காலைச் சட்டென்று எடுத்துவிடுவதால் நின்றுகொண்டிருப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய நேர்கிறது. இது பயிற்சியால் தீரக்கூடிய குறை.

இத்தகைய பேருந்துகள் பலவற்றில் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் குட்இனஃபின் ஆய்வுக்குழு 1990-களில் கண்டறிந்த மின்முனைப் பொருளை அடிப்படையாகக் கொண்டது அது. கோபால்ட்டும் நிக்கலும் அதற்குத் தேவையில்லை; எளிதில் தீப்பற்றாது; ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் தாங்கும். கனம் கூடுதல்தான் என்றாலும், காரைப்போல் இடநெருக்கடி இல்லாத பேருந்துக்கு அது பொருட்டல்ல.

தாழ்தளத்தின் பயன் முழுமையாகக் கிடைப்பதில்லை. முதியவர்கள் ஏறுவதற்காக வண்டியை ஒரு பக்கமாகத் தாழ்த்தும் வசதி இருந்தும், நடைமேடையை ஒட்டி நிறுத்தாமல் இரண்டடி தள்ளி நிறுத்தினால் அது எதற்கு?

பெரிய குறை மாலை நேரத்தில்தான் வெளிப்படுகிறது. நான் பயன்படுத்தும் சேவையில், செயலியில் வந்துகொண்டிருப்பதாகக் காட்டப்படும் பேருந்து திடீரென்று திரையிலிருந்து மறைந்துவிடும்; கேட்டால், சார்ஜ் குறைந்ததால் பணிமனைக்குத் திரும்பிவிட்டது என்பார்கள். இப்படிப்பட்ட வண்டி கிலோமீட்டருக்குச் சுமார் 1 முதல் 1.5 யூனிட் மின்சாரம் எடுக்கும். வெயில் காலத்தில் ஏசியும் சேர்ந்தால் இன்னும் ஏறும். அப்படியானால் நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓட 200 முதல் 300 யூனிட் வரை வேண்டும் என்பது வண்டி வாங்கும்போதே தெரிந்த கணக்குதானே. இரவில் 50 பேருந்துகளை ஒரே சமயத்தில் 60 கிலோவாட் வீதம் சார்ஜ் செய்தால் பணிமனைக்கு 3 மெகாவாட் இணைப்பு தேவைப்படும். ஆகவே வண்டிகளை முறைவைத்துச் சார்ஜ் செய்யும் மென்பொருளும், பகலில் வழித்தட முனையங்களிலேயே விரைவாகச் சார்ஜ் ஏற்றும் வசதியும் வண்டியோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டும். சீனாவின் ஷென்சென் நகரம் 2017 இறுதிக்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றியது. பேருந்து வாங்குவதோடு வேலை முடிந்துவிடுவதாக நினைத்திருந்தால் அவ்வளவு வண்டிகளை அங்கே ஓட்டியிருக்க முடியாது.

நிலக்கரியில் எடுத்த மின்சாரம்தானே என்பவர்களுக்கு ஒரு பதில்: சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் கூடக்கூட, இதே பேருந்து எந்த மாற்றமும் செய்யாமலே மேலும் தூய்மையாகும். டீசல் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. காலையில் டீசல் பேருந்து முதலில் வந்தாலும் அதை விட்டுவிட்டு மின்சாரப் பேருந்துக்காகக் காத்திருக்கிறேன். மாலை ஏழு மணிக்கு மேல், எது முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுகிறேன்.