24 கிலோச் சைக்கிளும் 4 கிலோத் துவக்கும்

சுவிஸ் இராணுவத்தின் 1905ஆம் ஆண்டு மாதிரிச் சைக்கிள் ஒன்றை ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் பேர்ண் மாநிலத்துக் கிராமம் ஒன்றில், வைக்கோல் அடுக்கிய கொட்டிலுக்குள்ளிருந்து 450 பிராங்குக்கு வாங்கினேன். அன்றிலிருந்து வேலைக்கும் கடைக்கும் ஆற்றங்கரைக்கும் அதிலேயே போய்வருகிறேன். எங்கள் ஆட்கள் இதனை ‘ஆமிச் சைக்கிள்’ என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு அந்தச் சொல்லோடு வேறு நினைவுகள் எழும், ஆனால் வண்டி அதற்குப் பொறுப்பாகாது. இதே இராணுவத்தின் 1931ஆம் ஆண்டு மாதிரித் துவக்கை ஊர்ச் சூட்டுக் கழகத்தில் நான்கு பருவங்களாகக் கையாண்டு வருகிறேன். ‘சுவிஸ் தரம்’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் புகழ்வோர் பலர். எனக்கோ துவக்கு நன்றாகச் சிந்திக்கப்பட்ட பொருளாகவும், சைக்கிள் நன்றாகச் செய்யப்பட்டும் சிந்தனை பாதியில் நின்றுபோன பொருளாகவும் தெரிகின்றன. அதனாலேயே இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

சைக்கிளின் நிறை ஏறத்தாழ 24 கிலோகிராம். பையில் எதுவும் வைக்காத நிலையிலேயே இவ்வளவு. வாங்கிய அன்று அதனை நிலவறைப் படிகளால் தூக்கி இறக்கியபோதே, இதனை வகுத்தவர்கள் நிறையை ஒரு செலவாகக் கணக்கிடவே இல்லை என்பது புரிந்துவிட்டது. வண்டியின் சட்டம் ஒரே அளவில்தான் செய்யப்பட்டது: 57 சென்ரிமீற்றர். உயரம் குறைந்தவரும் நெடியவரும் இருக்கையையும் ஹாண்டிலையும் ஏற்றி இறக்கி அதே சட்டத்துக்குள் தம்மைப் பொருத்திக்கொள்ள வேண்டும். 168 சென்ரிமீற்றர் உயரமுள்ள நான் இன்றும் மேற்குழாயைப் பார்த்தே காலை ஊன்றுகிறேன்.

செய்த வேலையின் நேர்த்தியைக் குறைகூற முடியாது. கொண்டோர், கொஸ்மோஸ், சேசார், ஷ்வால்பே, மாஃபாக் எனப் பல நிறுவனங்கள் இதனைச் செய்தன. 1905 முதல் 1989 வரை மொத்தம் ஏறத்தாழ 68,000 வண்டிகள் வெளிவந்தன. இராணுவம் வகுத்துக் கொடுத்த ஒரே வரைவுக்கு எல்லாரும் கட்டுப்பட்டிருந்ததால், ஒருவர் செய்த வண்டியின் பாகம் மற்றவர் செய்த வண்டிக்குப் பொருந்துகிறது. என் வண்டியின் பின்கரியர் அதன் சட்டத்தைவிட வயதில் மூத்தது. மிதிகட்டைகள் வேறொரு வண்டியிலிருந்து வந்தவை. எதனையும் அராவவோ வளைக்கவோ நேரவில்லை. சட்டத்தின் இணைப்புகளில் ஒரு வெடிப்பு இல்லை, மட்காட் ஆடுவதில்லை, டைனமோ இன்றும் வெளிச்சம் தருகிறது.

வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது சட்டத்தின் நடுப்பை. மேற்குழாய்க்கும் கீழ்க்குழாய்க்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்பும் அந்தப் பையில் வரைபடமும் கருவிகளும் கொண்டுசென்றார்கள். நான் மரக்கறி கொண்டுபோகிறேன். பாரம் இரண்டு சில்லுகளுக்கும் நடுவே, தாழ்வாக, முழங்கால்களுக்கு இடையில் நிற்பதால் வண்டி ஒரு பக்கமும் இழுப்பதில்லை. இன்றைய நெடும்பயணச் சைக்கிள்காரர்கள் புதுக் கண்டுபிடிப்புப் போல இதே பையைப் பெரிய விலைக்கு வாங்குவதைப் பார்க்கச் சற்றே சிரிப்பு வருகிறது.

ஓட்டத்துக்கு வருவோம். முன்னே 50 பல், பின்னே 20 பல், ஒரே ஒரு கியர். மிதி ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.2 மீற்றர் நகரும். சமதரையில் இது அருமையான அளவு. நிறையே உந்தித் தள்ளுவதால் ஆற்றோரப் பாதையில் மூச்சு வாங்காமல் மணிக்கணக்கில் உழக்கலாம். ஏற்றத்தில் கதை வேறு. எழுந்து நின்று உழக்கிப் பார்த்து, பிறகு இறங்கித் தள்ளுவதுதான் வழி. மலை நாட்டுக்கு ஒற்றைக் கியர் வண்டி கொடுத்தவர்கள், அதில் ஏறும் சிப்பாயின் தொடைகளை அரசாங்கச் சொத்தாகக் கருதியிருக்க வேண்டும்.

ஆனால் ஏற்றம் களைப்பை மட்டுமே தரும். உண்மையான குறை இறக்கத்தில் இருக்கிறது. முன் பிறேக் என்பது ஹாண்டிலிலிருந்து கம்பியால் இறங்கி, கரண்டி போன்ற ஒரு கட்டையை ரயரின் மேலேயே அழுத்தும் ஏற்பாடு. உலர்ந்த தெருவில் அது வேகத்தைச் சற்றுத் தணிக்கும். மழையில் ரயரைத் துடைக்கும், அவ்வளவுதான். நிறுத்தும் வேலை முழுவதும், மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பின்மிதி பிறேக்கின் தலையில் விழுகிறது. பின்சில்லை மட்டும் பிடிக்கும் பிறேக்குக்கு இறக்கத்தில் பிடிமானம் குறைவு, ஏனெனில் அப்போது பாரம் முன்சில்லுக்கு மாறிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் அச்சுக்கூடு சூடேறி உள்ளே இருக்கும் கிறீஸ் இளகத் தொடங்கும். 1940களில் பின்சில்லுக்கு டிரம் பிறேக் ஒன்றைச் சேர்த்தார்கள் என்பது, குறை இன்னதென்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி. அப்போதும் முன்சில்லுக்குக் கரண்டியே போதும் என்று விட்டதுதான் எனக்கு விளங்கவில்லை. முதுகுப் பை, துவக்கு, கரியரில் கட்டிய சுமை எல்லாவற்றோடும் ஒருவர் மலைப்பாதையில் இறங்குகிறார்; அவருடைய உயிருக்குப் பிணை ஒரு கரண்டி.

இதே வரைவு 88 ஆண்டுகள் நீடித்தது. 1993இல் வந்த அடுத்த மாதிரிக்குத்தான் ஏழு கியர்களும் ஹைட்ரோலிக் பிறேக்கும் கிடைத்தன. அதிலும் சட்டத்தின் வடிவத்தை மாற்றவில்லை. பழைய நடுப்பையும் கரியர்களும் வீணாகக் கூடாது என்பதே காரணம். 1891இல் தொடங்கிய சைக்கிள் படையணி 2000களின் தொடக்கத்து இராணுவச் சீர்திருத்தத்தோடு கலைக்கப்பட்டது. ஆக, நல்ல பிறேக் வந்து பத்து ஆண்டுகளில் ஓட்டுவதற்கு அணி இல்லாமல் போயிற்று. 2012இல் எட்டுக் கியர் கொண்ட புதிய வண்டியையும் வாங்கினார்கள். அது முகாம்களுக்குள் ஓடித் திரிவதற்கான வண்டி, அதனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

இனித் துவக்கு. முதலில் ஆயுதச் சட்டம் பற்றி ஒரு சொல்: சுவிஸ் ஆயுத விதிகளில் சில நாட்டவர்க்குத் துவக்கு வாங்கவும் வைத்திருக்கவும் தடை உண்டு; இலங்கைக் குடியுரிமை அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. நான் இந்நாட்டுக் குடியுரிமை பெற்ற பின்னரே கழகத்தில் சேர்ந்தேன். நான் சுடுவதும் என் துவக்கு அன்று. பக்கத்து வீட்டுப் பெரியவர், தம் தந்தைக்கு இராணுவம் வழங்கியதை என்னிடம் சூட்டுக் களத்தில் தருவார்.

1889இல் ஷ்மிட், ருபின் இருவரின் பெயரால் வந்த துவக்கிலேயே நேரே இழுக்கும் போல்ட் (ரவையை அறைக்குள் தள்ளிப் பூட்டும் பாகம்) இருந்தது. மற்ற நாட்டுத் துவக்குகளில் கைப்பிடியை மேலே தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, கீழே மடக்க வேண்டும். இதில் பின்னே, முன்னே என்ற இரண்டு அசைவுகளே. கைப்பிடியோடு சேர்ந்த தண்டு, போல்ட் உறையிலுள்ள திருகு காடிக்குள் ஓடி, உறையைத் தானாகவே திருப்பிப் பூட்டுகிறது. ஆனால் பூட்டும் காதுகள், அதாவது உறையைப் பிடித்து நிறுத்தும் புடைப்புகள், பின்தள்ளி இருந்ததால் அந்தப் பழைய துவக்கின் உடல் நீண்டுகிடந்தது. பேர்ண் அரசாங்க ஆயுதச் சாலையின் தலைவர் அடோல்ஃப் ஃபுரர் 1931ஆம் ஆண்டு மாதிரியில் செய்த மாற்றம் இங்கேதான். காதுகளை உறையின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, ரவை அறைக்கு நேர் பின்னால் பூட்டச் செய்தார். உடல் சுருங்கிற்று. 1911ஆம் ஆண்டுக் குறுந்துவக்கின் மொத்த நீளம் ஏறத்தாழ அப்படியே இருக்க, குழல் 592 மில்லிமீற்றரிலிருந்து 652க்கு நீண்டது. நிறை 4 கிலோகிராம். ஒரு பாகத்தின் இடத்தை மாற்றி, வேறெதையும் இழக்காமல் 60 மில்லிமீற்றர் குழலைச் சம்பாதித்த வேலையை நான் வடிவமைப்பு என்பேன். கரண்டி பிறேக்குக்கு இப்படி ஒருவர் கிடைக்காமல் போனாரே என்று இறக்கங்களில் நினைப்பதுண்டு.

கையில் எடுத்தால் அந்தச் சிந்தனை விரலுக்கே தெரிகிறது. சுடும் விசை இரண்டு கட்டமாக இயங்குகிறது. முதற் கட்டம் இலகுவாக வந்து ஒரு சுவரில் முட்டி நிற்கும், அதன்பின் சிறு அழுத்தத்தில் சட்டென விடுபடும், இழுபறி இல்லை. போல்ட்டின் பின்னுள்ள பெரிய வளையத்தைக் கையுறை போட்ட விரலாலும் இழுத்துத் திருப்பிப் பாதுகாப்பில் வைக்கலாம். கழற்றக்கூடிய ரவைக்கூட்டில் ஆறு ரவைகள். 7.5 மில்லிமீற்றர் ரவை 1911ஆம் ஆண்டினது, சன்னம் 11.3 கிராம், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 780 மீற்றர். 300 மீற்றர் தூரத்தில், சாதாரணக் கண்ணுள்ள என் போன்றவருக்கும் கறுப்பு வட்டத்துக்குள் தொடர்ந்து விழுகிறது. அந்தத் தூரத்துக்காகவே செய்யப்பட்டது போல என்று எழுதத் தோன்றியது. உண்மையில் இந்நாட்டின் சூட்டுக் களங்கள் 300 மீற்றருக்கே அமைந்தவை.

குறையும் உண்டு. தூக்கித் திருப்பும் போல்ட்டில் அந்தத் தூக்கலே நெம்புகோலாகி, சுட்டபின் அறைக்குள் இறுகிய ரவையின் வெற்றுக் கோதை அசைத்துக்கொடுக்கும். நேரே இழுப்பதில் அந்த உதவி குறைவு. அறையின் அளவும் நெருக்கமானது. கோதின் வாயில் மெழுகு பூசிய தரமான சுவிஸ் ரவையோடு இது சிக்கலின்றி இயங்கும். சேறும் தரம்குறைந்த ரவையும் சேர்ந்தால் என்னவாகும் என்பதற்குக் கனடாவின் ரொஸ் துவக்கு விடை சொன்னது. அதுவும் நேரே இழுப்பதுதான், சூட்டுக் களத்தில் மிகத் துல்லியமானதுதான். முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சிக்கிச் சிக்கி, 1916இல் ஒதுக்கப்பட்டு, பிரித்தானியரின் 303 துவக்கு அதன் இடத்துக்கு வந்தது. ஃபுரரின் துவக்கு ரொஸ்ஸைவிட எவ்வளவோ திருத்தமானது என்பது என் கணிப்பு. ஆயினும் 1933 முதல் 1958 வரை ஐந்து இலட்சத்து 28 ஆயிரத்துக்கு மேல் செய்யப்பட்டும், நடுநிலை நாட்டின் துவக்கு என்பதால் அது அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. இலங்கையில் பொலிஸ்காரர் தோளில் நாம் பார்த்த 303 கடகடவென்று ஆடும், ஆனால் அந்த ஆட்டமே சேற்றுக்கு இடம்விட்டு வைத்த ஏற்பாடு.

அந்த 303இன் தயாரிப்பாளர்களில் ஒன்றான பேர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் சைக்கிளும் செய்தது. மூன்று துவக்குகளைச் சாய்த்து அடுக்கிய அதன் சின்னத்தைச் சைக்கிளில் பார்த்திருப்பீர்கள், அப்பெயரில் பின்னாளில் சென்னை அம்பத்தூரிலிருந்தும் சைக்கிள்கள் வந்தன. இரண்டாம் உலகப் போரில் அது பரசூட் படைக்குச் செய்த மடிப்புச் சைக்கிள், சுவிஸ் வண்டிக்கு நேர் எதிரானது: நிறை 15 கிலோகிராமுக்குள், நடுவில் இரண்டு இறக்கைத் திருகுகளை இளக்கினால் இரண்டாக மடியும். சில நாள்கள் ஓடினால் போதும் என்று செய்த வண்டி அது. சுவிஸ் வண்டியோ பேரனும் ஓட்டட்டும் என்று செய்தது. முன்னதை அதன் வேலைக்கு ஏற்ற வடிவமைப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். தினமும் ஓட்டக் கேட்டால் பின்னதையே எடுப்பேன்.

துவக்கின் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1940களின் நடுப்பகுதி வரை வால்நட், அதன்பின் பீச். பெரும்பாலானவற்றில் பிடங்கின் கீழ்ப்பகுதி சிராய்ப்பும் கறையுமாக இருக்கும். உலோகமோ புதிது போல இருக்கும். மரத்தைப் பார்த்து விலகுவோர் நல்ல துவக்கை இழப்பார்கள். பெரியவர் ஒருநாள் பிடங்குத் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றி, உள்ளே இருந்த சிறு காகிதத்தைக் காட்டினார். அவருடைய தந்தையின் பெயர், படைப்பிரிவு, பிறந்த ஆண்டு, எல்லாம் தெளிவாக இருந்தன. பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்து மூடினார்.

சைக்கிளை வாங்க நினைப்போர் சட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பின் அச்சுக்கூட்டையும் பிறேக் கம்பிகளையும் பாருங்கள், இயன்றால் டிரம் பிறேக் உள்ள பிந்திய வண்டியையே தேடுங்கள். சில்லின் வளையம் 584 மில்லிமீற்றர் விட்டம் கொண்டது. மலைச் சைக்கிள்களால் அதே அளவு மறுபடியும் வழக்குக்கு வந்திருப்பதால் ரயர் தட்டுப்பாடு இல்லை. ஆனால் அந்தத் தடித்த ரயர்கள் மட்காட்டுக்குள் நுழையா. முன் பிறேக்கின் கட்டை அழுத்துவதற்கு வழுவழுப்பான மேற்பரப்பும் வேண்டும். 26 × 1½ என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.