வேகம் இறுக்குவதா, கை இறுக்குவதா: 1930களின் சொகுசுக் கார்களில் ஷாக் அப்சார்பர்

1930களின் தொடக்கத்தில் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய கார்கள் முன்னும் பின்னும் கமான் பட்டைகளின் (வளைந்த எஃகுத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்குகளின்) மீதே நின்றன. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை இளக்கமாக வைத்தால் ஊருக்குள் பயணம் சுகமாக இருக்கும், ஆனால் வேகம் கூடியதும் உடல்பகுதி படகைப் போல் ஆடத் தொடங்கும். இறுக்கமாக வைத்தால் நெடுஞ்சாலையில் நிலையாக ஓடும் அதே கார் கல் பாவிய தெருவில் பின்னிருக்கைக்காரரைக் குலுக்கி எடுக்கும். எண்ணெயால் இயங்கும் ஷாக் அப்சார்பர் அசைவு விரைவாகும்போது தானாகவே கூடுதலாக எதிர்க்கும் என்பது உண்மைதான். எனினும் அது சக்கரம் மேலும் கீழும் அசையும் விரைவைப் பொறுத்ததே தவிர, கார் ஓடும் வேகத்தைப் பொறுத்ததன்று.

ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் இந்த இரண்டாவது வேகத்தையே கணக்கில் எடுத்துக்கொண்டது. அதன் கார்களிலும், டெர்பியிலிருந்த அதன் ஆலையில் உருவான பென்ட்லி கார்களிலும், கியர்பாக்ஸிலிருந்து சுழலும் ஒரு சிறு பம்ப் வேகம் கூடக் கூட எண்ணெய் அழுத்தத்தை உயர்த்தியது; அந்த அழுத்தம் ஷாக் அப்சார்பர் வால்வுகளின் மீது சுமையை ஏற்றியதால், ஓட்டுநர் எதையும் தொடாமலேயே கார் இறுகியது. அத்துடன் ஓட்டுநர் தாமே இறுக்கத்தை மாற்ற ஸ்டீயரிங்கின் நடுவில் ஒரு கைப்பிடியையும் அவர்கள் வைத்தார்கள். தானியங்கி ஏற்பாட்டின் பலவீனம் இதிலேயே வெளிப்படுகிறது என்பேன்: பம்புக்கு வேகம் தெரியும், சாலை தெரியாது. குண்டும் குழியுமான சாலையில் விரைந்து போகிறவருக்கு, தேவையற்ற நேரத்தில் அது இறுக்கத்தைக் கொடுத்துவிடும்.

அமெரிக்காவில் பேக்கார்டும் காடிலாக்கும் 1932இல் முடிவை நேரடியாக ஓட்டுநரின் கையில் கொடுத்தன. பொறியமைப்பு எளிமையானது, சாலையைக் கண்ணால் பார்க்கிறவரே இறுக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் லிமோசினில் கைப்பிடி இருப்பது ஓட்டுநரிடம், குலுக்கலை அனுபவிப்பவர் பின்னால் அமர்ந்திருக்கும் முதலாளி. கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து அவர் சொன்னால்தான் மாற்றம் வரும்! பிரிட்டனின் ஆந்த்ரே டெலிகன்ட்ரோல் என்ற ஷாக் அப்சார்பர், எண்ணெய்க்குப் பதிலாக ஒன்றோடொன்று உரசி அசைவை அடக்கும் உராய்வுத் தட்டுகளை இருக்கையிலிருந்தே இறுக்க வழி செய்தது. விளையாட்டுக் கார்களுக்கு அது பொருந்தும். உராய்வு மெல்லிய அசைவையும் பிடித்து நிறுத்துவதால் சொகுசுக் காருக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இவற்றை எப்படிச் சோதித்தார்கள் என்பது இன்னும் சுவையானது. ரோல்ஸ்-ராய்ஸ் தன் சோதனைக் கார்களை பிரான்சில் ஷாத்தோரூ நகரைத் தளமாகக் கொண்டு நீண்ட நெடுஞ்சாலைகளில் ஓட்டியது. மேடுகள் பொருத்திய உருளைகளின் மேல் காரை நிறுத்திக் குலுக்கியும் பார்த்தது. திறந்த பாத்திரத்தில் நீரை வைத்து, ஒரு மைல் ஓட்டத்தில் வெவ்வேறு வேகங்களில் எவ்வளவு சிந்துகிறது என்று அளந்ததும் உண்டு. அந்த நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு காடிலாக்குக்குச் சென்ற மாரிஸ் ஆலி, 1932இல் முன்னும் பின்னும் எடைகளை நகர்த்தக்கூடிய ஒரு லிமோசினை அமைத்து, பயணிகளின் உடலுணர்வையே அளவுகோலாகக் கொண்டு ஓட்டிப் பார்த்தார். குற்றவாளி பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் அன்று, விறைப்பான முன் ஸ்பிரிங் என்பது அதில் தெளிவாயிற்று. முன்புறம் பின்புறத்தைவிட இளக்கமாக இருந்தால் கார் முன்னும் பின்னுமாக ஊசலாடாமல் சமமாக எழுந்து தாழும். 1934இல் காடிலாக்கின் முன்சக்கரங்கள், ஒவ்வொன்றும் மற்றதைச் சாராமல் மேலும் கீழும் அசையும் தனித்தனித் தொங்கலுக்கு மாறின.

ஆகவே, கமான் பட்டையோடு நின்ற கார்களை மட்டும் எடுத்துக்கொண்டால், வேகத்துக்கேற்ப இறுகி, கைப்பிடியாலும் மாற்றக்கூடிய ரோல்ஸ்-ராய்ஸ் ஏற்பாட்டுக்கே என் வாக்கு. முன்புறம் இளகிய பிறகு அதன் தேவை சுருங்கியது. 1936இன் ஃபான்டம் III தனித்தொங்கலோடு அந்தப் பம்பையும் வைத்திருந்தது. போருக்குப் பிந்தைய பென்ட்லி மார்க் VIஇல் கைப்பிடி பின் ஷாக் அப்சார்பர்களை மட்டுமே ஆண்டது. 1955இன் சில்வர் கிளவுடில் அந்த வேலையையும் ஒரு மின்சுவிட்சு எடுத்துக்கொண்டது.