பிராக்: யூரோ மாற்றி ஏமாந்தால் கையில் மூன்று மணி நேரம் இருக்கிறது

வேலை விஷயமாக பிராக் வந்து, மீட்டிங் முடிந்த மாலையில் பழைய நகரைச் சுற்றுபவர்கள் அநேகமாகப் போவது ஒரே வழிதான்: பவுடர் கோபுரம், செலெட்னா தெரு, வானியல் கடிகாரச் சதுக்கம், கார்லோவா தெரு, சார்லஸ் பாலம். பணம் மாற்றும் கடைகளும் இந்த வழியில்தான் மொய்க்கின்றன. செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் புழங்கும் பணம் கொருனா. பயணி கையில் இருப்பதோ யூரோ. அந்த இடைவெளியில்தான் வியாபாரம்.

வாசலில் '0% கமிஷன்' என்று போட்டிருப்பார்கள். அது பொய்யில்லை, வெட்டு ரேட்டில் இருக்கிறது. பெரிய எழுத்தில் கண்ணில் படுவது சில கடைகளில் 'ப்ரொதெய்', அதாவது அவர்கள் யூரோவை விற்கும் விலை. நமக்குப் பொருந்துவது 'நாகுப்', அவர்கள் வாங்கும் விலை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சந்தையில் யூரோவுக்கு 25 கொருனா என்றால் 200 யூரோவுக்கு 5000 வர வேண்டும். கடை 17 ரேட்டில் வாங்கினால் 3400. யூரோ நோட்டை ஜன்னலுக்குள் நீட்டும் முன், மொத்தம் எத்தனை கொருனா தருவீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாற்றிய பிறகு தெரிந்தாலும் வழி உண்டு. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தப்படி, 1000 யூரோ மதிப்பு வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டாம். ரசீதோடும் வாங்கிய கொருனாவோடும் அதே கடைக்குப் போக வேண்டும். அதனால் ரசீதை எறியாதீர்கள், ரேட்டைச் சரிபார்க்கும் வரை அந்தக் கொருனாவில் காபிகூட வாங்காதீர்கள். கடைக்காரர் மறுத்தால் புகார் போக வேண்டிய இடம் செக் தேசிய வங்கி. இந்தக் கடைகளைக் கண்காணிப்பது அதுதான்.

தெருவில் 'நல்ல ரேட்' என்று வந்து ஒட்டுபவரிடம் இந்த உரிமை செல்லாது. அவர் நீட்டுவது ஹங்கேரி ஃபோரின்டாகவோ, செல்லாத பழைய பெலாரஸ் ரூபிளாகவோ இருக்கும். நோட்டில் 'கொருன்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். 1000 ஃபோரின்ட் நூறு கொருனாகூடத் தேறாது. கூடவே 'போலீஸ்' என்று ஒருவர் வந்து பர்ஸைக் காட்டச் சொன்னால் கொடுக்காதீர்கள். ஸ்டேஷனுக்கே போகலாம் என்று சொல்லுங்கள்.

ஏடிஎம்மிலும் இந்த ரத்து கிடையாது. வங்கிக் கிளையோடு ஒட்டிய மெஷினையே தேடுங்கள். உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, கொருனாவிலேயே எடுங்கள். பெரும்பாலான கடைகளில் கார்டு ஓடும் ஊர் இது, ரொக்கம் அதிகம் தேவைப்படாது. கார்டு மெஷின் அதே கேள்வியைக் கேட்டாலும் பதில் அதேதான்.

சதுக்கத்தில் சுட்டுத் தொங்கவிடும் ஹாமுக்குப் பலகையில் போட்டிருப்பது 100 கிராம் விலை. எத்தனை கிராம் என்று சொல்லாமல் நின்றால் 300, 400 என்று வெட்டி எடைபோட்டுவிடுவார்கள். கத்தி இறங்கும் முன்பே அளவைச் சொல்லிவிடுங்கள்.