நவம்பரில் நல்ல பெட்டி, மே மாதத்தில் வெறும் மின்விசிறி

எனக்கு 66 வயது, பழைய ஆஸ்துமா இழுப்புக்காரன். வீடு டெல்லி மயூர் விஹாரில். இரண்டு வருடம் முன்பு நவம்பரில் 11,500 ரூபாய் கொடுத்து இந்தக் காற்றுச் சுத்திகரிப்பானை வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம், இதே ரகம் கடைக்கு நாலு இருக்கிறது.

குளிர்காலத்தில் குறை சொல்ல மாட்டேன். புகை ஊரையே மூடிய நாட்களில் எங்கள் படுக்கையறையில் மட்டும் இருமாமல் தூங்கினேன். மூன்று மாதத்தில், நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி நிறம்.

சிக்கல் மே மாதத்தில். சாயங்காலம் நாலு மணிக்குத் தொண்டை கரகரக்கிறது, நெஞ்சு இறுகுகிறது. பெட்டியிலோ பச்சை விளக்கு, 38 என்று காட்டுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியைத் திறந்தால், அன்றைய முக்கிய மாசு ஓசோன். பெட்டியின் சென்சார் தூசியை மட்டும்தான் எண்ணும் என்பது அப்புறம்தான் புரிந்தது. ஓசோன் வாயு, ஹெப்பாவில் சிக்காது. என்95 முகக்கவசத்துக்கும் அதே கதைதான். வாயுவைப் பிடிக்கக் கனமான கார்பன் ஃபில்டர் வேண்டும். இதில் இருப்பது அப்பளம் மாதிரி ஒரு கறுப்புத் தாள்.

அதைவிட மோசம், காற்றில் மின்னூட்டத் துகள்களை விடும் 'அயனி' பட்டன். புத்துணர்ச்சி தருமாம். அழுத்தியதும் ஒரு வாசனை வந்தது. முப்பது வருடம் ஜெராக்ஸ் மெஷினை ஒட்டிய மேசையில் குமாஸ்தா வேலை பார்த்த மூக்கு இது, ஏமாறுமா? அதே ஓசோன்! வெளியே இருப்பது போதாதென்று காசு கொடுத்து உள்ளே வேறு தயாரித்திருக்கிறேன். சர்வீஸ் பையனிடம் சொன்னேன், "அது ஃப்ரெஷ் ஏர் வாசனை, அங்கிள்" என்றான்.

வண்டிப் புகையை வெயில் சமைத்துத்தான் ஓசோன் உண்டாகிறது. அதனால் மத்தியானம் தொடங்கி மாலை வரை அதன் ராஜ்யம். ஐந்து மணி நடையைக் காலை ஆறுக்கு மாற்றினேன். மத்தியானம் கூலர் போடுவதில்லை, அது வெளிக்காற்றை இழுத்து உள்ளே கொட்டும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசி. கரண்ட் பில்லைப் பார்த்து வீட்டம்மாவுக்குக் கோபம், ஆனால் இன்ஹேலரைத் தேடுவது குறைந்திருக்கிறது. இந்தப் பலனில் பெட்டிக்குப் பங்கு இல்லை.

குளிர்காலத்துக்கு நாலு நட்சத்திரம், கோடைக்கு ஒன்று. பேரன் அழுத்திவிடாமல் இருக்க அயனி பட்டன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன்.